வேஸ்ட்டாப் போற சூடு

அந்தக் குழாய்ல துண்டைக் காயப் போடாதீங்க தம்பி. ஜன்னல் கம்பியில போடுங்க, நாற்காலி முதுகுல போடுங்க, வேற எங்க வேணாலும் போடுங்க. மாடிப்படி ஓரத்துல இருக்குற அந்தப் பித்தளை டேப்புல மட்டும் வேணாம். ரூம் எடுத்துத் தங்க வர்றவங்க எல்லாரும் அதுலதான் கொண்டுபோய் மாட்டுறாங்க. நானும் எடுத்து எடுத்து வேற இடத்துல போட்டுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

இல்ல, சுடாது. தண்ணியே வராத குழாய் அது.

சுடுதண்ணி வாளியில வரும். அவரு பின்னாடி கொட்டாய்ல அண்டா வச்சுக் காய்ச்சுறாரு, கொதிச்சதும் கொண்டாந்து வைப்பாரு. முந்தி இந்த வீட்ல டேப்பைத் திறந்தா ஆவி பறக்கத் தண்ணி கொட்டும். நெட்டுல அடுப்பு எரியுற பழைய போட்டோவைப் பாத்துட்டு வந்து, அடுப்பு எங்க, அடுப்பு எங்கன்னு கேக்குறாங்க. இதோ எதுக்கு முன்னால நீங்க காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களோ, அதுதான் அந்த அடுப்பு. முன்னால பாருங்க, மேலருந்து கீழ வரைக்கும் வெடிப்பு தெரியுதா. இனி எரியாது. இது எப்படி வெடிச்சுச்சுன்னு இந்த ஊர்ல ஆளுக்கு ஒரு கதை வச்சிருக்காங்க. கறிகாய் வாங்கப் போனாக்கூட என் முதுகுக்குப் பின்னால பேசுறாங்க. நடந்தது என்னன்னு நான் சொல்றேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. பனி விலகுறவரைக்கும் எங்கிட்டும் போக முடியாதுல்ல. உங்க வீட்டம்மாவும் தூங்குறாங்க.

இந்த வீடு எங்க மாமனாரு கட்டுனது. எங்க வீட்டுக்காரரு தவமணி மூத்தவரு. ஒரே தம்பி, ராஜாங்கம்னு பேரு, எனக்குக் கொழுந்தன். கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பாத்தவரு. மாமனாரு படுக்கையில கிடந்தப்ப அவரு எந்தக் கடல்ல இருந்தாரோ, யாருக்குத் தெரியும். மலமும் மூத்திரமும் அள்ளுனது இந்தக் கை. அதை இப்ப யாரும் பேச மாட்டாங்க. வேலையை முடிச்சுட்டு பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்து இறங்குனாரு. கொஞ்ச நாளைக்குத்தான் மதினின்னாரு. கொஞ்ச நாளைக்கு வர்ற ஆளு பீரோவையும் லாரியில ஏத்திக்கிட்டா தம்பி வருவாரு?

பொண்டாட்டி பேரு கோகிலம். தூத்துக்குடிக்காரி. அவளுக்கு வீசிங். கீழ தூசி ஒத்துக்கலையாம், கொடைக்கானல் காத்து நல்லதுன்னு எந்த டாக்டரோ சொன்னாராம். அந்த டாக்டர் இங்க வந்து ஒரு மார்கழியில இருந்து பாத்திருக்கணும். வந்த மறுநாளே ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, அக்கா குளிருதுக்கா, அக்கா குளிருதுக்கான்னு ஒரே பாட்டு. கொடைக்கானல்ல குளிரத்தான் செய்யும். இதுக்கு நான் என்ன பண்ண முடியும்.

அவங்க உக்காந்தது எந்த ரூம்ங்கிறீங்க. இப்ப நீங்க இருக்கீங்களே, பள்ளத்தாக்கு தெரியுற அதே மாடி ரூம். சீசனுக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது அந்த ரூமைத்தான். இன்னைக்கு ரூம்ல உக்காருவாங்க, நாளைக்கு மாடி எங்களுதும்பாங்க, அதுக்கு மறுநாள் நடுவுல சுவரு வைப்பாங்க. எனக்கு ஒரு மகன் இருக்கான், ஓசூர்ல வேலை பாக்குறான். அவனுக்கு இந்த வீடு முழுசா நிக்கணும். அவங்க ரெண்டு பேரும் மலை இறங்கணும். அது ஒண்ணுதான் என் மனசுல இருந்துச்சு, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு.

கொழுந்தனாரு சும்மா இருக்குற ஆளு இல்ல. எஞ்சின்ல கிடந்த கை, எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருக்கணும். இந்த மூலையில முந்தி வெறும் கணப்பு இருந்துச்சு, பாதிச் சூடு புகைபோக்கி வழியா ஊருக்குப் போகும். அதை இடிச்சுட்டு இந்த இரும்படுப்பை வச்சாரு. அடுப்புக்கு முதுகுல ஒரு தண்ணிப் பெட்டி. முன்னால நெருப்பு, பின்னால தண்ணி. சூடான தண்ணி தானா குழாயில மேல ஏறிரும், மோட்டாரும் வேணாம், கரண்டும் வேணாம். மாடி பாத்ரூம்ல செம்புல ஒரு டேங்க், சுடுதண்ணி அதுல சேரும். அதுக்கும் மேல, பரண்ல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், பச்சைத் தண்ணிக்கு. ரொம்பக் கொதிச்சா ஆவி போறதுக்கு ஒரு பைப்பு அந்த டேங்குக்கு மேல வளைஞ்சு நிக்கும். முதல் நாள் டேப்பைத் திறந்து கையை நீட்டுனேன் பாருங்க, உள்ளங்கை சிவந்துருச்சு. எனக்குச் சந்தோசம்தான். நான் இல்லேங்கல.

வில்லங்கம் எங்கன்னா, அந்த ரேடியேட்டருல. உங்க கட்டிலுக்குப் பக்கத்துச் சுவத்துல விலா எலும்பு மாதிரி ஒரு இரும்பு இருக்குல்ல, அதுதான். அடுப்புலருந்து ஒரு குழாய் நேரா ஏறி அதுக்குள்ள போகும். அந்த ரூமே கதகதன்னு இருக்கும். யாரு ரூம்? அவங்க ரூம். கேட்டேன். ஏன், பக்கத்து ரூம்ல மாட்டுனா ஆகாதா, எங்க ரூம்ல மாட்டுனா ஆகாதான்னு கேட்டேன். உங்க ரூம் கீழ இருக்கு மதினி, சூடு மேலதான் ஏறும், நேரா ஏறுனாத்தான் தண்ணி தானா ஓடும்னாரு. நான் படிக்காதவ, நம்பணும். சூட்டுக்கு வழி தெரியுமாம், அது பாத்துப் பாத்து அவரு பொண்டாட்டி கட்டிலுக்குத்தான் போகுமாம்.

இன்னொண்ணு. வீட்ல இருக்குற எல்லாக் குழாய்க்கும் டேப்பு வச்சாரு, அதுக்கு மட்டும் வைக்கல. இதை எங்க நிறுத்துறதுன்னு கேட்டேன். நிறுத்தக் கூடாது மதினின்னாரு. விறகு கேஸ் மாதிரி இல்ல, நினைச்சதும் திருகி அணைக்க முடியாது, டேங்க் தண்ணி சூடாகி முடிஞ்சப்புறமும் கட்டை எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அந்தச் சூடு எங்கிட்டாவது போயாகணும், யாரும் தெரியாத்தனமா அடைச்சுடக் கூடாதுன்னுதான் டேப்பே வைக்கலன்னாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை. இது வேஸ்ட் சூடு போற வழி மதினின்னாரு.

வேஸ்ட்டுன்னாரு. அவரு வாயாலதான் வந்துச்சு, நான் சொல்லல. வேஸ்ட்டாப் போறதுக்கா தைலமரக் கட்டையை வாங்கி, வெட்டி, காய வச்சு, கண்ணு எரிய எரிய இந்த அடுப்புல தள்ளிக்கிட்டு இருந்தேன்? நான் கேட்டதும் கொழுந்தனாரு சிரிச்சாரு. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சுட்டு, ஏண்டா, உங்க மதினிக்கும் ஒண்ணு மாட்டி விடேன், பாதிச் சூடு வெளிய போயிரும்னாரு. கோகிலமும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்ப அவரு அப்படித்தான், வாய் ஓயாது, என்னைக் கேலி பண்ணாட்டி அவருக்குச் சோறு இறங்காது. அவரு சிரிச்சா பரவாயில்ல. அவ எதுக்குச் சிரிக்கணும்?

அந்த மழைக்காலத்துல தூத்துக்குடியில கோகிலத்தோட அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு போன் வந்துச்சு. இவளைக் கூட்டிட்டுப் போனா மூச்சு இழுக்கும்னு கொழுந்தனாரு மட்டும் கிளம்புனாரு. போறப்ப வாசல்ல நின்னு பாடம் எடுத்தாரு. ஆளு இல்லாத அன்னைக்குச் சின்னதா எரிங்க, பெருசா எரிச்சா சுடுதண்ணியைச் செலவழிங்க, சத்தம் வந்தா அதைச் செய்யுங்க, இதைச் செய்யாதீங்கன்னு என்னென்னமோ சொன்னாரு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். சரி சரின்னேன். கோகிலம்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா.

அவரு போன மறுநாள், சாம்பல் அள்ளணும்னு அடுப்பை ஆற விட்டேன். எங்க வீட்டுக்காரரு விறகுக்குப் போயிருந்தாரு, அவ டாக்டர்கிட்ட ஆவி பிடிக்கப் போயிருந்தா. குழாய் வேலைக்கு சகாயராசுன்னு ஒருத்தன் இருக்கான், பாத்ரூம் வேலை பாக்குறவன். அவனை வரச் சொல்லி, மேல ரேடியேட்டருக்குப் போற இந்தக் குழாய்ல ஒரு டேப்பு போடுடான்னேன். அவன் எதையும் கேக்குற ஆளு இல்ல. போட்டான். முடிஞ்சதும் கையைத் துடைச்சுக்கிட்டு, இனிமே உங்க கையிலதாங்க்கா இருக்குன்னான். ஒரு டேப்பு தம்பி. எந்த வீட்ல டேப்பு இல்ல? அதுல என்ன தப்பு?

அடைச்சேன். ஒண்ணும் ஆகல. அடுத்த நாளும் அடைச்சே வச்சிருந்தேன், அப்பவும் ஒண்ணும் ஆகல. ரூமுக்கு ஆளு வந்திருந்தாங்க, சுடுதண்ணி நல்லாச் செலவாச்சு, கட்டையும் கம்மியா எரிஞ்சுச்சு. அப்ப யாரு சொன்னது சரி? அவ மட்டும் படியில பாதி இறங்கி நின்னுக்கிட்டு, ரேடியேட்டர் சூடே ஏறலையேக்கான்னா. விறகு ஈரம்மான்னேன். ராத்திரி பூரா இருமல். எனக்குக் கேக்கணும்னே இருமுவா. எங்க வீட்டுக்காரரு அவளுக்கு ஒத்தடப் பைக்கு வெந்நி ஊத்திக் குடுக்குறதென்ன, கஞ்சி கொண்டு போறதென்ன. எனக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மாத்திரை எடுத்துக் குடுத்த கையா அது? இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் குளிர்னா மூட்டையைக் கட்டிருவான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் அந்த நாளு. கரூர்லருந்து ஒரு பெரிய குடும்பம் வர்றதா இருந்துச்சு, கிழடு கட்டை குஞ்சு குளுவானெல்லாம் சேர்ந்து. விடாத மழை. வந்ததும் எல்லாரும் குளிக்கணும்னு நிப்பாங்கன்னு விடிஞ்சதுலருந்தே அடுப்பை நல்லா எரிச்சேன். வாய் நிறையக் கட்டை, அடுப்புக்குள்ள காத்து போறதுக்கு இருக்குற காத்துக் கதவையும் முழுசாத் திறந்து விட்டாச்சு. மத்தியானம் போன் வருது, மலைப்பாதையில மண்ணு சரிஞ்சிருச்சு, நாங்க திரும்பிப் போறோம்னு. எரியுற நெருப்பை நான் என்ன பண்றது? எரியட்டும்னு விட்டுட்டேன்.

அப்பத்தான் மேல தட்டுறா. டங். கொஞ்சம் விட்டு, டங் டங். தரையில கம்பை வச்சு இடிக்கிற மாதிரி. இவளுக்கு எம்புட்டு ஏத்தம் பாருங்க, வாயால கேக்க மாட்டாளாம், மகாராணி கம்பால இடிச்சு, சூடு அனுப்புன்னு எனக்கு உத்தரவு போடுறாளாம். நான் இங்கேயேதான் உக்காந்திருந்தேன், இதே மணையில. தட்டு, நல்லாத் தட்டுன்னு சொல்லி, இன்னும் ரெண்டு கட்டையைத் தூக்கி அடுப்புல போட்டேன். இந்தா, கீழ எப்படி எரியுது பாரு, உனக்கு ஒரு பொட்டுச் சூடு கிடையாதுன்னு. என் வயிறு எரிஞ்ச எரிச்சலுக்கு அது ஒண்ணுமே இல்ல. மேல சத்தம் கூடிப்போச்சு. வீடே அதிருது. அவகிட்ட அம்புட்டு பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாது.

எங்க வீட்டுக்காரரு பின்னாடிலருந்து வந்தாரு, கையில சுக்குக் காப்பி. என்ன ஜெயக்கொடி சத்தம்னாரு. உங்க தம்பி பொண்டாட்டியைப் போய்க் கேளுங்கன்னேன். அவ அப்படி இடிக்க மாட்டாளே, அவளுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு சொல்லிக்கிட்டே மாடிப்படி ஏறுனாரு. பாதிப் படி ஏறியிருப்பாரு. பரண்ல அந்த பிளாஸ்டிக் டேங்கு இருந்துச்சுல்ல, கொதிக்கிற தண்ணியெல்லாம் அந்த வளைஞ்ச பைப்பு வழியா அதுக்குள்ளதான் ஊத்திக்கிட்டு இருந்திருக்கு. பிளாஸ்டிக் எம்புட்டு நேரம் தாங்கும்? குழைஞ்சு, மடங்கி, பலகையோட சேர்ந்து படிக்கு மேல இறங்கிருச்சு. அவரு தோள்பட்டையிலருந்து முதுகு பூரா. அவரு போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு தம்பி. அதை நான் யாருகிட்டயும் சொல்றது இல்ல.

கோகிலம் ரூமை விட்டு வெளிய வந்தா. அவ கையில கம்பு எதுவும் இல்ல, குழாய் மட்டும் அப்பவும் டங் டங்னு இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை நான் பாத்தேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு உள்ளயும் போகாம வெளியவும் வராம, பாத்ரூமுக்குள்ள போய் சுடுதண்ணி டேப்பையெல்லாம் திறந்து விட்டா. திரும்பி வந்து, ஒழுகுறதுக்கு வச்சிருந்த பக்கெட்லருந்து மழைத்தண்ணியை மோந்து அவரு முதுகுல ஊத்தினா, ஊத்திக்கிட்டே இருந்தா. நான் அடுக்களைக்கு ஓடி ஒரு குடம் தண்ணியைத் தூக்கியாந்தேன், அடுப்பை அணைக்கணும்ல. அவ அங்கருந்தே, ஊத்தாதீங்கக்கா, காத்துக் கதவை மட்டும் சாத்துங்கங்கிறா. சத்தமாக்கூடச் சொல்லல. என் புருசன் வெந்து கிடக்குறாரு, என் வீட்டு அடுப்பு, நான் என்ன செய்யணும்னு அவ சொல்றா. ஊத்தினேன். ஒரு வெடி வெடிச்சுச்சு பாருங்க, வீடு பூரா ஆவி, சாம்பல். அந்த வெடிப்புதான் இது. இரும்பு மட்டம் தம்பி. நல்ல இரும்பா இருந்தா ஒரு குடம் தண்ணிக்கு வெடிக்குமா?

ஆஸ்பத்திரியில அவரு கவுந்தே படுத்துக் கிடந்தாரு. பக்கத்துல அவதான் உக்காந்திருந்தா, மூக்குல மருந்துக் குழாயை மாட்டிக்கிட்டு, விசிறிக்கிட்டு. நான் வாசல்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். அழுறவ எப்படி விசிறுறது? அதையும் ஊர்ல குத்தமாத்தான் சொன்னாங்க.

அவரை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்த அன்னைக்குக் கொழுந்தனாரும் வந்து சேர்ந்தாரு. முதல்ல அண்ணனைப் பாத்தாரு. அப்புறம் அடுப்பைப் பாத்தாரு. அப்புறம் குழாயைத் தடவிக்கிட்டே இந்தப் படிக்கட்டு வரைக்கும் வந்து, டேப்பைப் பாத்து நின்னுட்டாரு. அது அப்பவும் அடைச்ச மேனிக்குத்தான் இருந்துச்சு. மெதுவாத் திருகித் திறந்து விட்டாரு, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, இருந்தும் திறந்து விட்டாரு. யாரு மதினி இதை வச்சதுன்னாரு. நான் என்ன சொல்றது. முதல்லருந்தே இருந்துச்சுல்லன்னேன். ஒவ்வொரு இணைப்பையும் அவரு கையாலதானே பத்த வச்சாரு, அவருக்குத் தெரியாதா. கோகிலம் என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

அப்ப எங்க வீட்டுக்காரரு, அந்தா அந்தப் பெஞ்சுல கவுந்து படுத்திருந்தவரு, தலையைத் தூக்காம, நான்தாண்டா வைக்கச் சொன்னேன்னாரு.

கேட்டீங்களா தம்பி. அவரே ஒத்துக்கிட்டாரு. எல்லாரு முன்னாடியும் சொன்னாரு.

கொழுந்தனாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. என் பொண்டாட்டி மூச்சு நிக்கிறதுக்கா அண்ணே வச்சீங்கன்னாரு. அந்த வாரமே பீரோவை லாரியில ஏத்திட்டாங்க. அன்னையிலருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை இல்ல. கோகிலம் போறப்ப மட்டும் படியில நின்னு, மாமா, உடம்பைப் பாத்துக்கங்கன்னு அழுதுட்டுப் போனா. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. வீடு எனக்கு முழுசாக் கிடைச்சிருச்சு, மாடியும் கிடைச்சிருச்சு, நீங்கதான் பாக்குறீங்களே. மகன்தான் இன்னும் வரல. அப்பா போன்ல என்னம்மா பேசவே மாட்டேங்கிறாருன்னு கேக்குறான்.

நான்தான் வைக்கச் சொன்னேன்னு சொன்னாருல்ல, அதுதான் கடைசி. அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல, நாலு அறை விட்டாக்கூட வாங்கிக்குவேன். அதுவும் இல்ல. சாப்பாட்டைப் போட்டு மூடி வச்சா, நான் அந்தண்டை போனப்புறம் வந்து சாப்பிடுவாரு. அவரு வாயைப் பத்தி சொன்னேன்ல, அந்த வாய். உங்ககிட்ட நேத்து கேட்ல நின்னு எம்புட்டு நேரம் பேசினாரு, நான் ஜன்னல்லருந்து பாத்தேன். சிரிச்சாருகூட.

அந்த டேப்பைக் கழட்டி எறிஞ்சிரலாம்னு சகாயராசை ஒரு தடவை கூப்பிட்டேன். இவரு படியில வந்து உக்காந்துக்கிட்டாரு. எந்திரிக்கவே இல்ல. அவன் போயிட்டான். வாரா வாரம் புளியைப் போட்டுத் தேய்க்கிறாரு தம்பி அதை. பாருங்க எப்படி மின்னுதுன்னு. யாராவது துண்டைப் போட்டா எடுத்து மடிச்சு நாற்காலியில வச்சுருவாரு. அது என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணுமாம். அதுக்குத்தான் துண்டு வேணாங்கிறேன். எடுத்துட்டீங்களா? சரி.

அந்தா, வாளி வைக்கிற சத்தம் கேக்குதா. அவருதான். நீங்க ஒண்ணு பண்ணுங்க. வாளியை எடுக்கப் போறப்ப, இட்லி ஆயிருச்சு, வாங்கன்னு சொல்லிருங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க, வர மாட்டாரு. உங்களுக்குப் பசிக்குது, தனியாச் சாப்பிட ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா வருவாரு. நான் தட்டை வச்சுட்டு உள்ள போய்க்கிறேன். கதவை மட்டும் லேசாத் திறந்து வச்சுக்கிறேன், அவரு பேசுறது கேக்கும்ல.